மரப் பராமரிப்பும் தோட்ட வேலையும் சொந்தத் தொழிலாக: ரம்பத்தை எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடும் விஷயங்கள்

கேள்வி இது: மரம் ஏறி வெட்டும் குழு ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பழகியாயிற்று; கையில் ஒரு செயின்சா, ஒரு சிறு லாரி, கூட வர இரண்டு ஆட்கள். சொந்தமாகத் தொடங்கினால் எதை முதலில் வாங்குவது, வேலைக்கு விலை எப்படிச் சொல்வது, தோட்டம் அமைக்கும் வேலையையும் சேர்த்து எடுக்கலாமா, எங்கே அடி விழும்?

தொடங்கலாம், தோட்ட வேலையையும் சேர்க்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் லாப நட்டமும், ஆளுக்கு நேரும் காயமும், மரம் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் முடிவாவது வெட்டுகிற நாளில் அல்ல. இடம் பார்க்கப் போகிற நாளில். பத்து நிமிடத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு வாய்வார்த்தையாக ஒரு தொகை சொல்லிவிட்டு வருவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

இடம் பார்க்கப் போகும்போது அளவு நாடா, ஒரு மரச்சுத்தியல், மண்ணில் குத்திப் பார்க்க மெல்லிய இரும்புக் கம்பி, கேமரா, நோட்டு இவை போதும். மரத்தைப் பார்ப்பதற்கு முன் மேலே கம்பியைப் பாருங்கள். மின்கம்பியிலிருந்து ஆளோ கருவியோ கிளையோ 3 மீட்டருக்குள் வர நேர்ந்தால் அது சாதாரண வேலை அல்ல. மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொட வேண்டிய வேலை. உயர் அழுத்தக் கம்பி என்றால் இந்தத் தூரம் இன்னும் கூடும். பச்சைக் கிளைக்குள் நீர் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். வீட்டுக்குள் வரும் கம்பிக்கு உறை போட்டிருக்கிறதே என்று நம்ப வேண்டாம். வெயிலில் வெடித்த உறையைக் கீழே நின்று கண்டுபிடிக்க முடியாது. அலுமினிய ஏணியும் அலுமினியக் கழி ரம்பமும் கம்பி இருக்கும் பக்கம் போகவே கூடாது.

அடுத்தது தரை. வாயிற்கதவின் அகலத்தை அளந்து எழுதுங்கள். சிப்பர் (கிளைகளைச் சீவலாக அரைக்கும் இயந்திரம்) உள்ளே வருமா, அடிக்கட்டை அரைக்கும் இயந்திரம் வருமா, இல்லை எல்லாமே தலையிலும் தள்ளுவண்டியிலும் போக வேண்டுமா? மரத்தடியிலிருந்து வண்டி நிற்கும் இடம் வரை அடி வைத்து அளக்க வேண்டும். வெட்டுவதற்கு இரண்டு மணி நேரம் எடுக்கும் மரத்தின் கழிவை 50 மீட்டர் சுமந்து வெளியே கொண்டுவர நான்கு மணி நேரம் ஆவது சாதாரணம். கழிவுநீர்த் தொட்டியின் மூடி, தண்ணீர்க் குழாய், புதிதாகப் போட்ட தளம் எங்கே இருக்கின்றன என்று உரிமையாளரிடம் கேட்டுப் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கும் சுவரையும் கூரை ஓடுகளையும் வேலைக்கு முன்பே படம் எடுத்துவிட்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

மரத்தை அடியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். ஒரு முழுச்சுற்று நடந்து, வேர் விரிந்து மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் காளான் அடுக்குகள் இருக்கின்றனவா, சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் மேலெழும்பியோ விரிசல் விட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். சமீபத்தில் ஏற்பட்ட சாய்வு ஆபத்து. பல ஆண்டுகளாகச் சாய்ந்தே வளர்ந்து நுனி நிமிர்ந்திருக்கும் மரம் அப்படியல்ல. சம கனமுள்ள இரண்டு தண்டுகள் குறுகிய கோணத்தில் பிரியும் இடத்தில் பட்டை உள்ளே மடிந்து போயிருந்தால் அந்த இணைப்பு பலவீனமானது. பலத்த காற்றில் முதலில் பிளப்பது அதுதான். மரச்சுத்தியலால் தட்டினால் வெற்றொலி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொந்து இருப்பதால் மட்டும் மரத்தை வெட்டியாக வேண்டும் என்று சொல்லிவிடாதீர்கள். பாரத்தைத் தாங்குவது வெளிச்சுற்று மரம். சுற்றிலும் கனமாக நல்ல மரம் இருந்தால் பொந்துள்ள மரமும் நெடுநாள் நிற்கும். மரம் முறியும் வாய்ப்பு எவ்வளவு, முறிந்தால் யார் மீதோ எதன் மீதோ விழும் வாய்ப்பு எவ்வளவு, விழுந்தால் என்ன சேதம் என்ற மூன்றையும் தனித்தனியாக யோசித்த பிறகே "ஆபத்தான மரம்" என்ற சொல்லை வாயில் எடுக்க வேண்டும். பயமுறுத்தி வேலை வாங்குவது ஒருமுறைதான் பலிக்கும்.

எடையைக் கணக்குப் போடப் பழகுங்கள். பச்சை மரம் ஏறத்தாழ தண்ணீரின் எடைதான். கன மீட்டருக்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால் தவறு சிறிதாகவே இருக்கும், சில கடினமான மரங்கள் அதற்கும் மேல் போகும். 50 செ.மீ. விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள ஒரு துண்டு கிட்டத்தட்ட 200 கிலோ. அதைக் கயிற்றில் கட்டி இறக்கும்போது அரை மீட்டர் தடையின்றி விழுந்து கயிறு சட்டென இழுத்துப் பிடித்தால், கயிற்றிலும் கப்பி தொங்கும் கிளையிலும் அந்த எடையைப்போல் பல மடங்கு விசை விழும். கயிறு அறுந்தது என்று பின்னால் சொல்லப்படும் பல விபத்துகளுக்குக் காரணம் கயிற்றின் தரமல்ல. துண்டைப் பெரிதாக வெட்டியதும், கீழே கயிறு பிடித்தவர் மெல்ல விட்டுக்கொடுக்காமல் ஒரேயடியாக நிறுத்தியதும்தான். எத்தனை துண்டாக இறக்கப் போகிறோம் என்பது இடம் பார்க்கும் அன்றே நோட்டில் இருக்க வேண்டும், ஏனென்றால் நேரக் கணக்கு முழுவதும் அதில் தொங்குகிறது.

மதிப்பீட்டை எழுத்தில் கொடுங்கள், அளவோடு கொடுங்கள். "மரம் கவாத்து செய்து தரப்படும்" என்று எழுதினால் நீங்கள் ஒன்று நினைப்பீர்கள், அவர் ஒன்று நினைப்பார். "கூரைக்கு மேல் நீளும் இரண்டு கிளைகள் பக்கக்கிளை வரை குறைக்கப்படும், 5 செ.மீ.க்கு மேல் கனமுள்ள காய்ந்த கிளைகள் அகற்றப்படும். நடைபாதைக்கு மேல் 2.5 மீட்டர் இடைவெளி விடப்படும், கழிவு அகற்றப்படும், அடிக்கட்டை அகற்றப்படாது" என்று எழுதினால் சண்டைக்கு இடமில்லை. விறகு யாருக்கு என்பதையும் எழுதுங்கள். பல ஊர்களில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி தேவை. வேலியோரத்து மரம் என்றால் பக்கத்து வீட்டுக்காரரின் ஒப்புதல் இல்லாமல் கை வைக்காதீர்கள். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

இனி வெட்டு. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து 1970களில் நிறுவிய உண்மை ஒன்று உண்டு: மரம் தன் காயத்தை நம் தோல் ஆறுவதுபோல் ஆற்றிக்கொள்வதில்லை. அழுகல் பரவாதபடி காயத்தைச் சுற்றி அரண் எழுப்பி அடைத்துவிட்டு, அதன் மேல் புது மரம் வளர்க்கிறது. அந்த அரணை வலுவாக எழுப்பும் இடம், கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே உப்பியிருக்கும் கழுத்து. வெட்டு அந்தக் கழுத்துக்கு வெளியே, அதைத் தொட்டாற்போல் விழ வேண்டும். தண்டோடு ஒட்டி வழவழப்பாக வெட்டினால் கழுத்தே போய்விடும், அழுகல் தண்டுக்குள் இறங்கும். ஒரு சாண் முண்டு விட்டு வெட்டினால் அந்த முண்டு செத்து மக்கி, அழுகலுக்கு வழி அமைத்துக் கொடுக்கும். கையால் தாங்க முடியாத எந்தக் கிளைக்கும் மூன்று வெட்டு: தண்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி அடிப்பக்கத்திலிருந்து கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. அதற்குச் சில செ.மீ. வெளியே மேலிருந்து, கிளை விழும்வரை. கடைசியாக மிஞ்சிய முண்டைக் கழுத்தருகே. முதல் வெட்டைத் தவிர்த்தால் விழும் கிளை தண்டின் பட்டையை நாராகக் கிழித்துக்கொண்டு போகும்.

வெட்டுவாயில் பெயின்ட், தார், சாணம் பூசச் சொல்லிக் கேட்பார்கள். அழுகலை அது தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பதும் உண்டு. சில குறிப்பிட்ட நோய்களைப் பரப்பும் வண்டுகள் உள்ள இடங்களில் மட்டும் விதிவிலக்கு. நோயுற்ற மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது ரம்பத்தையும் கத்தரியையும் மரத்தூள் போகத் துடைத்து 70 சதவீத ஆல்கஹாலால் மீண்டும் துடையுங்கள். பிளீச்சும் கிருமியைக் கொல்லும், ஆனால் இரும்பைத் தின்றுவிடும்.

ஓர் ஆண்டில் உயிருள்ள இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். முதிர்ந்த மரத்தில் பத்தில் ஒரு பங்கே அதிகம். "மொட்டையடிச்சுடுங்க, அஞ்சு வருஷத்துக்குத் தொல்லை இல்லை" என்று கேட்பவர்கள் எல்லா இடத்திலும் இருப்பார்கள். மொட்டையடித்த மரம் சேமிப்பை எல்லாம் செலவழித்துக் கொத்துக்கொத்தாக நீர்ப்போத்துகளை விடும். அவை வேகமாக, பழைய உயரத்துக்கே வளரும். ஆனால் அவை பட்டைக்கு அடியில் மேலோட்டமாக ஒட்டியிருப்பவை, கீழே வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளில் கனத்த போத்துகள் அடியோடு பெயர்ந்து விழும். தொல்லை கூடுகிறது, குறைவதில்லை. இதைப் பொறுமையாகச் சொல்லி மாற்று வழியைக் காட்டுங்கள்: உயரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நீண்ட கிளையையும் ஒரு பக்கக்கிளை வரை பின்வாங்கி வெட்ட வேண்டும், அந்தப் பக்கக்கிளையின் கனம் அகற்றும் கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், அப்போதுதான் அது நுனியின் வேலையை ஏற்றுக்கொள்ளும். அதற்கும் சம்மதிக்காவிட்டால் வேலையை விட்டுவிடுங்கள். தெருவில் நிற்கும் மொட்டை மரம் யார் வெட்டியது என்று எல்லோருக்கும் தெரியும்.

முள் செருப்பு போட்டு ஏறுவது அடியோடு அகற்றப்போகும் மரத்துக்கு மட்டும். வாழப்போகும் மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு காயம்.

ஆள் பாதுகாப்பில் பேரத்துக்கு இடமில்லாதவை: தாடைப்பட்டி உள்ள ஹெல்மெட், கண் காது மறைப்பு, செயின் பட்டால் நாரைச் சுற்றி அதை நிறுத்தும் பாதுகாப்புக் கால்சட்டை, பூட்ஸ். மரத்தின் மேல் செயின்சா ஓடும்போது ஏறுபவர் இரண்டு தனித்தனிப் பிடிப்புகளில் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு கயிற்றை ரம்பம் தொட்டாலும் மற்றது இருக்கும். மேலே ஒருவர் இருக்கும்போது, ஏறி அவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர், அதற்கான கயிற்றோடும் ஹார்னஸோடும் (உடலில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) கீழே இருந்தாக வேண்டும். மயங்கித் தொங்குபவருக்கு, உதவிக்கு ஆள் வெளியிலிருந்து வரும்வரை நேரம் இருக்காது. ஆகவே ஏறத் தெரிந்தவர் குழுவில் ஒரே ஒருவர் என்றால் உயரமான வேலையை எடுக்காதீர்கள். கேள்வி கேட்டவர் முதலில் செலவழிக்க வேண்டியது கூட வரும் இருவரில் ஒருவருக்கு ஏறவும் இறக்கவும் பயிற்சி கொடுப்பதில். இயந்திரம் அதற்குப் பிறகு.

நின்ற மரத்தை முழுதாக ஒரே தடவையில் சாய்க்க இடமிருந்தால், விழும் பக்கம் போடும் வாய்வெட்டு விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு ஆழம், சுமார் 70 பாகை திறப்பு. பின்வெட்டு அதைத் தொடக் கூடாது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு நடுவில் மரத்தை விட வேண்டும். விழும்வரை மரத்தைத் திசை மாறாமல் பிடிக்கும் கீல் அதுதான். கீலை ஒரு பக்கம் கூடுதலாக அறுத்துவிட்டால் மரம் மறுபக்கம் திரும்பும். பின்வாங்கும் பாதையை முன்பே சுத்தம் செய்து, சாயத் தொடங்கியதும் பின்பக்கமாகச் சாய்கோணத்தில் விலகுங்கள். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும்.

கருவி விஷயத்தில் சுருக்கமாக: தரையில் பயன்படுத்த 35 முதல் 40 செ.மீ. பட்டை (செயின் சுற்றி ஓடும் இரும்புத் தகடு) கொண்ட ஒரு செயின்சா, நல்ல வளைந்த கை ரம்பங்கள், கழி ரம்பம், கயிறு, கப்பி, பாதுகாப்புச் சாமான். மேல்பிடி உள்ள சிறு செயின்சா மரத்தின் மேல் இருக்கும் பயிற்சி பெற்றவருக்கு மட்டும். இலகுவாக இருக்கிறதே என்று தரையில் ஒரு கையால் ஓட்டினால் பட்டையின் மேல்நுனி எதிலாவது பட்ட கணமே முகத்தை நோக்கி எகிறும். சிப்பரும் அடிக்கட்டை அரைவை இயந்திரமும் முதல் ஆண்டு வாடகையில் இருக்கட்டும். எத்தனை நாள் வாடகைக்கு எடுத்தீர்கள் என்ற கணக்கே வாங்கலாமா என்பதைச் சொல்லும். இருவீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் 50க்கு 1 என்று சொல்லியிருந்தால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மி.லி. எண்ணெய். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகிப்போகும். ஒரு மாதம் தாண்டிய கலவையை ஊற்றாதீர்கள். செயினிலிருந்து சீவலுக்குப் பதில் மாவுபோல் தூள் வந்தால் கூர் போய்விட்டது. ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பும்போதும் பல்லுக்கு மூன்று நான்கு அரம் போட்டால் போதும். வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால் ஒரு பக்கத்துப் பற்கள் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டன என்று பொருள்.

இப்போது விலை. மூன்று பேர், ஆளுக்கு 8 மணி நேரம்: நாளுக்கு 24 ஆள்-மணி நேரத்துக்குக் கூலி கொடுக்கிறீர்கள். பயணம், சாமான் ஏற்றி இறக்குவது, கூர் தீட்டுவது, கழிவைக் கொட்டிவிட்டு வருவது என்று ஆளுக்கு 2 மணி நேரம் போனால் விற்க மிஞ்சுவது 18. ஆக நீங்கள் விற்கும் ஒவ்வொரு மணி நேரமும் 1 மணி 20 நிமிடக் கூலியைச் சுமக்க வேண்டும். ஆண்டில் 220 நாள் வேலை ஓடும் என்று வைத்தால் 3,960 ஆள்-மணி நேரம். காப்பீடு, வண்டித் தேய்மானம், கருவித் தேய்மானம், கயிறும் ஹார்னஸும் காலாவதியாகி மாற்றும் செலவு, பயிற்சி, போன், இடம் பார்க்கப் போகும் உங்கள் சொந்த நேரத்துக்கான சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி 3,960-ஆல் வகுத்து அதன் மேல் ஏற்றுங்கள். உங்கள் சம்பளம் லாபம் அல்ல, செலவு. அதை லாபம் என்று எண்ணிக்கொள்பவர்கள் இரண்டாம் ஆண்டில் வண்டி பழுதானதும் கடன் வாங்குகிறார்கள்.

செலவு 100 என்றால் 20 சேர்த்து 120 சொல்வதை 20 சதவீத லாபம் என்று நினைக்கிறோம். வாங்கும் தொகையில் அது 16.7 சதவீதம்தான்; உண்மையில் 20 வேண்டுமென்றால் 125 சொல்ல வேண்டும். 18 ஆள்-மணி நேரம் என்று நினைத்த வேலை 22 ஆனால் அந்த 100 செலவு 122 ஆகிவிடும். 120-க்கு ஒப்புக்கொண்டவருக்கு லாபம் முழுதும் போய்க் கையிலிருந்தும் 2 போகும். நான்கு ஆள்-மணி நேரம் எங்கே ஒளிந்திருக்கும்? வாயிற்கதவின் அகலத்தில், சுமக்கும் தூரத்தில், துண்டுகளின் எண்ணிக்கையில். அளவு நாடாவை எடுத்துப் போகச் சொன்னது இதற்காகத்தான். ஒவ்வொரு வேலை முடிந்ததும் நினைத்த நேரத்தையும் ஆன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் கண் எந்த வகை வேலையில் தவறுகிறது என்று தெரியும். காப்பீட்டு ஆவணத்தில் உயரத்தில் செய்யும் வேலையும் மரம் வெட்டுவதும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். பொதுவான வணிகக் காப்பீட்டில் அவை விலக்கப்பட்டிருக்கலாம்.

தோட்ட வேலை. மர வேலை விட்டுவிட்டு வரும். மாதாமாதப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் நடுவில் உள்ள வெற்று நாட்களை நிரப்பும். ஆனால் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சிதறிய ஒப்பந்தங்களைவிட ஒரே தெருவில் ஐந்து மேல்.

நடுவதில் அதிகம் நடக்கும் தவறு ஆழமாக நடுவது. குழியின் ஆழம் வேர்ப்பந்தின் உயரம் மட்டுமே. அகலம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. தண்டு வேராக விரியும் இடம் தரைமட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொட்டியில் சுற்றிச்சுற்றி வளர்ந்த வேரை வெட்டியோ பிரித்தோ விடாமல் நட்டால் அது பின்னாளில் தண்டையே இறுக்கும். மூடாக்கு (மண்ணை மூடப் பரப்பும் மரச்சீவல் போன்றவை) 5 முதல் 10 செ.மீ. கனம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டைச் சுற்றிக் குவியலாகக் கொட்டினால் பட்டை ஈரத்தில் அழுகும். 60 சதுர மீட்டருக்கு 7.5 செ.மீ. கனம் என்றால் 4.5 கன மீட்டர். உங்கள் சிப்பர் சீவலே இதற்கு ஆகும், கழிவு கொட்டும் செலவும் மிச்சம். முட்டுக்கொடுத்த கம்பை ஓராண்டில் எடுத்துவிடுங்கள்.

தெளிப்பான் எவ்வளவு நீர் தருகிறது என்று அறிய, நேரான சுவருள்ள ஒரே மாதிரி டப்பாக்கள் ஏழெட்டைப் புல்தரையில் பரப்பி 15 நிமிடம் ஓட விட்டு ஆழத்தை அளங்கள். நாலால் பெருக்கினால் மணிக்கு இத்தனை மி.மீ.; 1 மி.மீ. என்பது சதுர மீட்டருக்கு 1 லிட்டர். டப்பாக்களுக்குள் வித்தியாசம் பெரிதாக இருந்தால் புல் திட்டுத்திட்டாகக் காய்வதற்குக் காரணம் உரமல்ல. நடைபாதைக் கல் பதிக்கும்போது அடியில் 10 முதல் 15 செ.மீ. ஜல்லிப்படுகையை இரண்டு அடுக்காக இடித்து இறுக்கி, மேலே 2.5 செ.மீ. மணல் மட்டும். படுகையின் மேடுபள்ளத்தை மணலால் நிரப்பிச் சரிக்கட்டினால் முதல் மழையில் கல் அமிழும். வீட்டிலிருந்து விலகி மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு கொடுங்கள்.

இரண்டு வேலையும் ஒரே கையில் இருப்பதன் பெரிய பயன், தோட்டம் போடுவதால் மரம் சாகாமல் பார்த்துக்கொள்ள முடிவது. வேரின் பெரும்பகுதி மேல் அரை மீட்டர் மண்ணிலேயே, இலைப்பரப்பைத் தாண்டியும் பரவியிருக்கிறது. தண்டின் விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்தைக் காப்பு வட்டமாக வையுங்கள், 40 செ.மீ. மரத்துக்கு 4.8 மீட்டர். அதற்குள் குழாய்க்குப் பள்ளம் தோண்டுவது, மண் கொட்டி உயர்த்துவது, லாரி நிறுத்துவது, இடித்து இறுக்குவது எதுவும் வேண்டாம். தவிர்க்க முடியாத குழாயை வேருக்கு அடியில் துளைத்துக் கொண்டுபோகலாம். வேர் அறுந்த மரம் உடனே சாவதில்லை. இரண்டு மூன்று ஆண்டு கழித்து உச்சியிலிருந்து காயத் தொடங்கும், அதற்குள் பள்ளம் தோண்டியதை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

செடிக்கு உத்தரவாதம் கொடுத்தால், யார் நீர் ஊற்றுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அதே தாளில் எழுதுங்கள். பொருள் வாங்கும் அளவுக்காவது முன்பணம் வாங்குங்கள். வேலை நடுவே "இதையும் சேர்த்து வெட்டிடுங்க" என்பதற்கு நேரத்தையும் தொகையையும் எழுதிக் கையெழுத்தான பிறகே ரம்பம் ஓடட்டும். ஒவ்வொரு மரத்துக்கும் விட்டம், என்ன வெட்டப்பட்டது, எப்போது, கண்ட குறை என்ன என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஓராண்டு கழித்து அந்தப் பக்கத்தோடு திரும்பப் போய், வெட்டுவாயைச் சுற்றிப் புது மரம் சீரான வளையமாக உருண்டு வருகிறதா, நீர்ப்போத்து எவ்வளவு வந்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்த மரத்தில் எவ்வளவு குறைவாக வெட்ட வேண்டும் என்பது அங்கே தெரியும்.